வாசலுக்கு ஒரு சட்டம்

கொஞ்ச நேரம், நீங்கள் பிரான்ஸ் தேசத்தில் ஒரு கிராமத்து வீட்டின் குடும்பத் தலைவி என்று நினைத்துக் கொள்ளுங்கள். அடுப்பில் பால் இருந்தால் முதலில் இறக்கி வைத்து விடுங்கள். கதை சிறிது நீளம்!

வீடு பழைய வீடு. உங்கள் மாமியாருக்கும், அவருடைய மாமியாருக்கும் முந்திய காலத்து வீடு. கூரை நாலு இடத்தில் ஒழுகுகிறது. மாடிப்படி ஒவ்வொன்றும் ஒரு ராகத்தில் முனகுகிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் மூட முடியாது. மூடினால் திறக்க முடியாது. தெருவில் போகிறவர்கள் உங்கள் வீட்டைத் திரும்பிப் பார்க்க ஒரு காரணமும் இல்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. அது உங்கள் வாசல்.

இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டினாற்போல் கல்லில் அரைத்தூண்கள். தூண் தலையில் சுருண்ட இலைகள். மேலே ஒரு முக்கோண முகடு. அதன் நடுவில் விரித்த சிப்பி ஒன்று. சிப்பிக்குக் கீழே மழையும் வெயிலும் பட்டு மூக்கு மழுங்கிப் போன ஒரு முகம். நானூற்று ஐம்பது வருஷங்களுக்கு முன்பு யாரோ ஒரு கல்தச்சன் உளி பிடித்துச் செய்தது. அந்த வாசல் வழியாகத்தான் நீங்கள் தினமும் ரொட்டி வாங்கி வருகிறீர்கள். குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறீர்கள்.

ஒரு நாள் வாசலில் அழைப்பு மணி வைக்கலாம் என்று உங்கள் கணவர் ஆணியும் சுத்தியும் எடுத்து வருகிறார். "ஐயையோ, நிறுத்துங்கள்! அந்தக் கல்லில் ஆணி அடித்தால் சர்க்கார் கேட்கும்" என்று நீங்கள் பதறிப் போய்த் தடுக்கிறீர்கள்.

வேடிக்கையாக இருக்கிறதா? வேடிக்கை இல்லை, நிஜந்தான். பிரான்ஸில் சரித்திரச் சின்னம் என்று சர்க்கார் பதிவு செய்திருக்கும் கட்டடங்கள் சுமார் 45,000. அரண்மனைகளும் மாதா கோயில்களும் அதில் உண்டு. ஆனால் முழுக் கட்டடமும் அப்படிச் சின்னமாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. ஒரு வீட்டின் மாடிப்படி மட்டும், ஒரு கணப்பு அடுப்பு மட்டும், ஒரு கூரை மட்டும் கூடப் பதிவாகலாம். எத்தனையோ கிராமத்து வீடுகளில் பதிவாகி இருப்பது வாசல் ஒன்றுதான். வீடு உங்களுடையது. ஒழுகுகிற கூரையும் உங்களுடையது. வாசலும் உங்களுடையதுதான், ஆனால் அதன் பேரில் தேசத்துக்கும் ஒரு கண்!

இந்த வாசல் எங்கிருந்து வந்தது, அதற்கு ஏன் ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

* * *

1494-ஆம் வருஷம் பிரான்ஸ் தேசத்து அரசர் எட்டாவது சார்ல்ஸ், இத்தாலியில் நேப்பிள்ஸ் ராஜ்யம் தமக்குச் சேர வேண்டும் என்று உரிமை கொண்டாடிப் படை எடுத்துப் போனார். ராஜ்யம் நிலைக்கவில்லை. ஆனால் போன பிரபுக்களும் சிப்பாய்களும் அங்கே கண்ட காட்சியை மறக்கவில்லை. பழைய ரோமாபுரியின் தூண்களையும் வளைவுகளையும் மாதிரியாக வைத்துக் கொண்டு இத்தாலியர்கள் புதிது புதிதாக மாளிகை கட்டிக் கொண்டிருந்தார்கள். "மறுமலர்ச்சி" என்று நாம் படித்திருக்கிறோமே, அதுதான்.

கல்யாண வீட்டுக்குப் போய் வந்தால் நாம் என்ன செய்வோம்? அங்கே பார்த்த புடவைக் கரையைப் பற்றி ஒரு மாதம் பேசுவோம். அதைப் போலத்தான் அவர்களும். திரும்பி வந்தவர்கள் தங்கள் ஊரிலும் அப்படிக் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அடுத்தடுத்து வந்த அரசர்களும் இத்தாலியின் மேல் படை எடுத்தார்கள். 1515-இல் பட்டத்துக்கு வந்த முதலாவது பிரான்சுவா, 1516-இல் லியனார்டோ டாவின்சியையே தம் தேசத்துக்கு வரவழைத்துக் கொண்டார். 1519-இல் ஷாம்போர் என்ற பிரம்மாண்டமான மாளிகைக்கு அஸ்திவாரம் போட்டார்.

அரசர் கட்டினால் பிரபு கட்டாமல் இருப்பாரா? பிரபு கட்டினால் ஊரில் நாலு காசு சேர்த்த வியாபாரி சும்மா இருப்பாரா? ஆனால் வியாபாரியால் மாளிகை கட்ட முடியாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பழைய வீட்டைப் பழைய வீடாகவே வைத்துக் கொண்டு, வாசலை மட்டும் புது மோஸ்தரில் செய்து வைத்தார். கழுத்துக்கு ஒரு சங்கிலி வாங்க முடியாதவள், மூக்குக்கு ஒரு பொட்டு மூக்குத்தியாவது போட்டுக் கொள்வதில்லையா?

உள்ளூர்க் கல்தச்சன் இத்தாலியைப் பார்த்தவன் இல்லை. பக்கத்து மாளிகையில் வேலை செய்தபோது கண்ணால் பார்த்ததையும், காதால் கேட்டதையும் வைத்துக் கொண்டு உளியை எடுத்தான். லுவார் நதிக் கரையில் கிடைக்கிற வெள்ளைக் கல் வெண்ணெய் போல இழையும். அங்கே இலையும் கொடியும் நுணுக்கமாக வந்தன. பிரிட்டனி பக்கத்தில் கருங்கல். அது உளிக்கு மசியாது. அங்கே அதே இலை தடித்துப் போய்க் குண்டாக வந்தது. எரிமலை கக்கிய கருநிறக் கல்லில் வீடு கட்டும் ஓவெர்ன் மலை நாட்டில் அதே வாசல் முகத்தைச் சுளித்துக் கொண்டு நிற்பது போல் இருக்கும். ரோமாபுரித் தூணின் அளவுப் பிரமாணம் எல்லாம் இந்தக் கிராமத்து வாசல்களில் பார்க்க முடியாது. தூண் குட்டையாக இருக்கும். தலை பெரிதாக இருக்கும். தெரிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் இதில் ஒரு அழகு இருக்கிறது. நம் வீட்டுக் குழந்தை முதன் முதலாகப் போட்ட கோலத்தைப் பார்க்கிற மாதிரி!

* * *

அந்தக் காலத்து யுத்தத்தால் வந்தது அழகு மட்டும் அல்ல. ஒரு தாயாரின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

தென்மேற்கு பிரான்ஸில் லோத் என்று ஒரு ஜில்லா. அதில் சேன்-சேரே என்ற ஊருக்குப் பக்கத்தில் மோந்தால் என்ற மாளிகை இருக்கிறது. அதைக் கட்டியவள் ழான் டி பல்சாக் என்ற விதவை. கணவர் அமோரி காலமான பிறகு, மூத்த மகன் ரொபேருக்காக, பழைய கோட்டை இருந்த இடத்தில் புது மாதிரியில் ஒரு மாளிகை எழுப்ப ஆரம்பித்தாள். அவள் வேலையைத் தொடங்கியது ஷாம்போர் தொடங்கிய அதே சமயத்தில்தான். முற்றத்துச் சுவரில் குடும்பத்தாரின் முகங்களை எல்லாம் வட்டமான குழிவுகளுக்குள் சிலையாக வைத்தாள். தன் முகம், கணவர் முகம், பிள்ளைகள் முகம், எல்லாம் இருக்கின்றன. மாடிப்படிக் கற்களின் அடிப்பக்கத்தைக் கூட விடாமல் செதுக்கச் சொன்னாள். படி ஏறுகிறவன் தலையைத் தூக்கிப் பார்த்தால் அங்கேயும் பூ!

மகன் இத்தாலிய யுத்தத்துக்குப் போயிருந்தான். திரும்பி வந்து இந்த வாசலில் காலடி வைப்பான் என்று தாய் காத்திருந்தாள். அவன் வரவே இல்லை. அந்தத் துக்கத்தில் அவள் சுவரில் இரண்டே வார்த்தைகளைப் பொறிக்கச் சொன்னாள் என்று அங்கே சொல்கிறார்கள். "ப்ளூ தெஸ்புவார்" என்பது அந்த வாசகம். "இனி நம்பிக்கை இல்லை" என்று அர்த்தம்.

எந்த இத்தாலியிலிருந்து அந்தத் தூணும் சிப்பியும் வந்தனவோ, அந்த இத்தாலிதான் அவள் பிள்ளையை எடுத்துக் கொண்டது. மறுமலர்ச்சி, கலை என்றெல்லாம் புஸ்தகத்தில் படிக்கிறபோது இந்தக் கணக்கை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

இன்னொரு விசித்திரம். பிரெஞ்சு பாஷையில் அதே எழுத்துக்களை வேறு விதமாக உச்சரித்தால், "இன்னும் அதிக நம்பிக்கை" என்றும் பொருள் வரும். கல்லில் எழுதிய எழுத்துக்கு உச்சரிப்பு ஏது? படிக்கிறவர் மனசைப் பொறுத்தது. மோந்தால் மாளிகைக்கு எந்தப் பொருள் பலித்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

* * *

காலம் ஓடியது. புது மோஸ்தர் பழைய மோஸ்தர் ஆயிற்று. 1789-இல் புரட்சி வந்தது. பிரபுக்களின் மாளிகைகளும் மடங்களும் ஏலத்துக்கு வந்தன. வாங்கியவர்களில் பலர் அவற்றைக் கல் குவாரியாகத்தான் பார்த்தார்கள்.

போதாக்குறைக்கு ஒரு வரியும் வந்து சேர்ந்தது. 1798-இல் பிரெஞ்சு சர்க்கார், வீட்டுக்கு எத்தனை வாசல், எத்தனை ஜன்னல் என்று எண்ணி வரி போட்டது. வாசலுக்கு வரி! ஜன்னலுக்கு வரி! காற்று வாங்குவதற்குக் காசு கேட்ட இந்த வரி 1926 வரையில் நீடித்தது. வரிக்குப் பயந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தவர்கள் எத்தனையோ பேர்.

வாசலால் செலவு என்று ஆன பிறகு, அதே வாசலால் வரவு வரும் என்று யாராவது வந்து சொன்னால் மனசு சபலப்படாதா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழம்பொருள் வியாபாரிகள் ஊர் ஊராக வந்தார்கள். "அம்மா, இந்தப் பழைய கல் நிலை உங்களுக்கு எதற்கு? நான் எடுத்துக் கொண்டு, நல்லதாகப் புது வாசல் வைத்துத் தருகிறேன், கையில் ரொக்கமும் தருகிறேன்" என்றார்கள். அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கூரை ஒழுகுகிறது; பெண்ணுக்குக் கல்யாணம் நிற்கிறது; கல்லைக் கட்டிக் கொண்டு அழவா முடியும்?

வாசல் போனால் போகட்டும், வீட்டு முகப்பே கிளம்பிப் போன கதையும் உண்டு. பாரிஸுக்குத் தென்கிழக்கே, லுவேன் ஆறு சேன் நதியோடு கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், மொரே என்று ஒரு சிற்றூர். பழைய கோட்டை வாசலும், ஆற்றுப் பாலமுமாகப் படம் எழுதினாற்போல் இருக்கும். நிஜமாகவே படம் எழுதியவர் ஒருவர் உண்டு. சிஸ்லே என்ற பிரபல ஓவியர் கடைசி வருஷங்களை அங்கேதான் கழித்து, 1899-இல் அங்கேயே காலமானார். அந்த ஊரில் இன்னொரு பிரசித்தி, கன்னியாஸ்திரீகள் காய்ச்சிய பார்லிச் சர்க்கரை மிட்டாய். 1638-ஆம் வருஷத்திலிருந்து வருகிற கைப்பக்குவம் என்று பெருமையாகச் சொல்லிக் கொள்கிறார்கள்.

அந்த மொரேயில் 1527-ஆம் வருஷத்திய வீடு ஒன்று இருந்தது. முகப்பு முழுவதும் சிற்ப வேலை. அரசர் பிரான்சுவாவின் பெயரால் அதை அழைத்தார்கள். 1822-இல் டி பிராக் என்ற ராணுவ அதிகாரி அதை விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து, பாரிஸுக்குக் கொண்டு போய், சேன் நதிக் கரையில் மறுபடி ஜோடித்து நிறுத்தினார். அந்தக் காலத்தில் பாரிஸ் நாடக மேடையில் கொடி கட்டிப் பறந்த மத்மொஸேல் மார்ஸ் என்ற நடிகையின் பெயரும் இந்தக் கதையில் அடிபடுகிறது. அவளுடைய நேசத்துக்காகத்தான் அந்த அதிகாரி இதைச் செய்தார் என்பார்கள். காதலுக்காக மாலை வாங்கிக் கொடுப்பார்கள், மாளிகை கட்டுவார்கள். இவர் அடுத்த ஊர் வீட்டையே பெயர்த்துக் கொண்டு வந்து விட்டார்! புதிதாக எழும்பிய அந்தப் பேட்டைக்கே அந்த வீட்டினால் பிரான்சுவா பெயர் ஏற்பட்டது. பாரிஸில் அந்தப் பெயரில் இன்றைக்கும் ஒரு வீதி இருக்கிறது.

மொரேக்கு என்ன மிஞ்சியது? தெருவில் ஒரு காலி இடம்.

நம் விதவைத் தாயார் கட்டினாளே, அந்த மோந்தால் மாளிகைக்கும் இதே கதிதான். 1880-ஐ ஒட்டி, அப்போதைய சொந்தக்காரர் சிற்பங்களைப் பெயர்த்துப் பாரிஸில் விற்று விட்டார். முற்றத்துச் சுவரில் மகன் முகமும் தாய் முகமும் இருந்த இடத்தில் வெறும் பொந்துகள். கணப்பு அடுப்புகள் போயின. கூரையில் இருந்த சிற்ப ஜன்னல்கள் போயின. பூட்டை உடைத்துத் திருடினால் திருடனைப் பிடிக்கலாம். சொந்தக்காரரே விற்றால் யார் கேட்பது?

பிரான்ஸின் சொத்து மட்டும்தான் பறிபோயிற்று என்று நினைக்காதீர்கள். பாரிஸ் லூவர் மியூசியத்துக்குப் போகிறவர்கள், மைக்கலாஞ்சலோ செதுக்கிய இரண்டு "அடிமை"களின் சிலைகளைப் பார்க்காமல் வர மாட்டார்கள். அந்தச் சிலைகளுக்கு இடையில் பெரிய சலவைக்கல் வாசல் ஒன்று நிற்கிறது. இத்தாலியில் கிரெமோனா என்ற ஊரில் ஸ்தாங்கா என்ற குடும்பத்தின் மாளிகை வாசலாக இருந்தது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸுக்கு வந்து சேர்ந்தது. மிகவும் பத்திரமாக இருக்கிறது. மழை இல்லை, வெயில் இல்லை. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதன் கீழே போகிறார்கள், வருகிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவராவது அந்த வாசல் வழியாகத் தன் வீட்டுக்குள் போகிறாரா? அந்த வாசலில் யாராவது யாருக்காவது காத்திருக்கிறார்களா? கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த திருமாங்கல்யத்தைப் பார்ப்பது போல் இருக்கிறது. பொன்னும் நிஜம்தான், வேலைப்பாடும் நிஜம்தான், கழுத்து எங்கே?

* * *

நல்ல வேளையாக, சில பேருக்குக் கண் திறந்தது. 1830-இல் பிரெஞ்சு சர்க்கார் சரித்திரச் சின்னங்களைக் கவனிப்பதற்கென்று தலைமை இன்ஸ்பெக்டர் பதவி ஒன்றை ஏற்படுத்தியது. 1834-இல் அந்த வேலைக்கு வந்தவர் பிராஸ்பெர் மெரிமே. "கார்மென்" என்ற கதையை எழுதிய அதே மெரிமேதான்! கதாசிரியர்கள் உத்தியோகத்துக்கு லாயக்கில்லை என்று நினைப்பவர்கள் இவரைப் பார்க்க வேண்டும். குதிரை வண்டியில் மேடு பள்ளம் பாராமல் தேசம் முழுவதும் சுற்றி, எந்த ஊரில் எது விழப் போகிறது என்று ரிப்போர்ட் எழுதினார். 1840-இல் முதல் பட்டியல் வெளியாயிற்று. இன்றைக்குச் சின்னங்கள் எல்லாம் அடங்கிய கம்ப்யூட்டர் அட்டவணைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு வாசலுக்கும் அதில் ஓரிரண்டு வரி உண்டு.

பட்டியல் மட்டும் இருந்து என்ன பயன்? 1887-இல் ஒரு சட்டம் வந்தது. அதில், தனியார் வீடு என்றால் சொந்தக்காரர் சம்மதித்தால்தான் உண்டு என்று வைத்திருந்தார்கள். விற்க நினைப்பவர் சம்மதிப்பாரா? 1913-ஆம் வருஷம் டிசம்பர் 31-ஆந் தேதி இன்னும் பலமான சட்டம் நிறைவேறியது. தேசத்துக்கு முக்கியம் என்றால், சொந்தக்காரர் மாட்டேன் என்றாலும் சர்க்கார் பாதுகாப்பில் எடுத்துக் கொள்ளலாம் என்றது அது. அந்தச் சமயத்தில் ஜார்ஜ் கிரே பார்னார்டு என்ற அமெரிக்கச் சிற்பி பிரான்ஸில் கிராமம் கிராமமாகத் திரிந்து, பழைய மடங்களின் தூண்களையும் வாசல்களையும் வாங்கிச் சேர்த்திருந்தார். சட்டம் வருவதற்குள் அவற்றைக் கப்பல் ஏற்றி விட்டார். அவை இப்போது நியூயார்க்கில், 1938-இல் திறந்த "கிளாய்ஸ்டர்ஸ்" என்ற மியூசியத்தில் இருக்கின்றன. ரயில் புறப்பட்ட பிறகு ஸ்டேஷனுக்கு ஓடி வந்த கதைதான். ஆனாலும் அடுத்த ரயிலையாவது பிடித்தார்களே!

1927-இல் இரண்டாம் படி ஒன்றை ஒழுங்கு செய்தார்கள். மிகப் பெரிய சின்னங்கள் முதல் பட்டியலில். அத்தனை பெரியதாக இல்லாவிட்டாலும் காப்பாற்றத் தகுந்தவை இரண்டாம் பட்டியலில். கிராமத்து வாசல்கள் பலவும் இந்த இரண்டாம் பட்டியலில்தான் இருக்கின்றன. பிறகு 1943-இல் இன்னொரு சட்டம். சின்னத்தைச் சுற்றி 500 மீட்டர் தூரத்துக்கு, அதன் அழகைக் கெடுக்கிற மாதிரி எதுவும் கட்டக் கூடாது என்றது.

* * *

இனிமேல் மறுபடியும் உங்கள் வீட்டுக்கு வருவோம்.

வாசலில் கை வைப்பதானால் முன்கூட்டியே சர்க்காருக்குத் தெரிவித்து, சம்மதம் வாங்க வேண்டும். வீட்டை விற்றாலும் பாதுகாப்பு வாசலோடேயே போகும். பக்கத்து வீட்டம்மாள் பிளாஸ்டிக் ஜன்னல் போட வேண்டும் என்கிறாள்; எதிர் வீட்டுக்காரர் கூரையில் சூரிய மின் தகடு வைக்க வேண்டும் என்கிறார். உங்கள் வாசலோடு சேர்ந்து கண்ணில் படுகிற இடமானால், அதற்கென்று இருக்கும் சர்க்கார் கட்டடக் கலைஞர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். "உன் வாசலால் எனக்கு வந்த வினை" என்று பக்கத்து வீட்டம்மாள் முணுமுணுப்பது உங்கள் காதில் விழாமல் இருக்குமா? 2016-இல் வந்த சட்டம், கண்ணை மூடிக் கொண்டு 500 மீட்டர் என்று வட்டம் போடாமல், இடத்துக்குத் தகுந்தாற்போல் எல்லை வகுப்பதற்கு வழி செய்திருக்கிறது.

செலவு? வாசல் வேலைக்கு சர்க்கார் ஒரு பங்கு கொடுக்கும். மற்றது உங்கள் பணம். 1996-இல் ஏற்பட்ட பாரம்பரிய அறக்கட்டளை ஒன்றும் உதவுகிறது. 2018 முதல், இதற்காகவே லாட்டரிச் சீட்டு விற்று, வருகிற பணத்தில் ஒரு பகுதியைப் பழைய கட்டடங்களுக்குக் கொடுக்கிறார்கள். பரிசு யாருக்கு விழுகிறதோ இல்லையோ, பழைய சுவர் ஒன்று விழாமல் இருக்கும்!

இன்னொரு விஷயம் உண்டு. இதில் நம் எல்லோருக்கும் பாடம் இருக்கிறது. பழைய வாசலுக்கு விரோதி மழையும் பனியும் மட்டும் அல்ல, அன்புள்ள சொந்தக்காரரும்தான்! கல் சற்றுப் பொரிந்து உதிர்ந்தால், உடனே சிமெண்டுப் பூச்சு பூசி விடலாம் என்று தோன்றும். பூசினால் பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் அந்த மிருதுவான கல்லுக்குள் ஈரம் ஏறுவதும் காய்வதும் மூச்சு விடுவது போல. சிமெண்டு அந்த மூச்சை அடைத்து விடும். உள்ளே தங்கிய ஈரம், போக்கிடம் இல்லாமல் கல்லையே உள்ளிருந்து அரிக்கும். சில வருஷங்களில் பூச்சு பாளமாக விழும். அதோடு கல்தச்சன் செதுக்கிய இலையும் சேர்ந்து விழும். இதற்குச் சுண்ணாம்புச் சாந்துதான் ஏற்றது. அது கல்லை விட மிருது. கெடுவதானால் தான் கெட்டு, கல்லைக் காப்பாற்றும். குடும்பத்தில் சில பெரியவர்கள் இருப்பார்களே, அவர்களைப் போல!

அழுக்குப் போக வேண்டும் என்று யந்திரத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவதும் அப்படித்தான். அழுக்கோடு முகமும் போய் விடும். மூக்கு மழுங்கிய முகத்துக்குப் புது மூக்கு வைக்கலாமா என்று சிலர் ஆசைப்படுவார்கள். அனுபவஸ்தர்கள் வேண்டாம் என்பார்கள். வயசான பாட்டியின் சுருக்கத்தை யாராவது அழிப்பார்களா?

"இத்தனை தொந்தரவு எதற்கு? வாசலைப் பெயர்த்து மியூசியத்துக்குக் கொடுத்து விட்டால் அதற்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்குப் பதிலாகத்தான், பாதியில் விட்டு வந்த இரண்டு கதைகளையும் முடிக்கப் போகிறேன்.

* * *

மொரேயிலிருந்து பாரிஸுக்குப் போன வீடு என்ன ஆயிற்று? நூற்று முப்பது வருஷங்களுக்கு மேல் பாரிஸில் நாகரிகமாக வாழ்ந்தது. பிறகு 1950-களின் பின்பாதியில் மறுபடியும் கல் கல்லாகப் பிரித்து மொரேக்கே கொண்டு வந்தார்கள். இப்போது அந்த ஊர் நகரசபைக் கட்டடத்தின் முற்றத்தில் நிற்கிறது. பழைய இடம் அல்லதான். இரண்டு தடவை பிரித்துக் கோத்ததில் சில கற்கள் இடம் மாறியும் போயின. ஆனாலும் ஊர் திரும்பி விட்டது. புக்ககத்தில் நெடுநாள் இருந்து விட்டுத் தலை நரைத்துப் பிறந்தகம் வந்த பெண்ணைப் போல நிற்கிறது.

மோந்தால்? 1908-இல் மோரிஸ் பெனாய் என்ற தொழிலதிபர் அந்த வெறிச்சிட்ட மாளிகையை வாங்கினார். வாங்கியதோடு நிற்கவில்லை. சிற்பங்கள் எங்கெங்கே சிதறிப் போயினவோ, அங்கங்கே தேடிப் போய், ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக் கொண்டு வந்து, அதது இருந்த இடத்திலேயே பொருத்தினார். தாய் முகம் வந்தது. மகன் முகம் வந்தது. பொந்துகள் மூடின. எல்லாம் ஒருவாறு சேர்ந்த பிறகு, 1913-இல் மாளிகையை தேசத்துக்கே எழுதிக் கொடுத்து விட்டார். பலமான சட்டம் பிறந்ததும் அதே வருஷந்தான்.

இன்னும் கேளுங்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது லூவர் மியூசியத்தின் பொக்கிஷங்களை எல்லாம் பாரிஸிலிருந்து அப்புறப்படுத்தி, ஊர் ஊராக ஒளித்து வைத்தார்கள் அல்லவா? உலகமெல்லாம் அறிந்த "மோனா லிஸா" 1943 முதல் யுத்தம் முடியும் வரையில் அடைக்கலம் புகுந்திருந்தது இந்த மோந்தாலில்தான். லியனார்டோ பிரான்ஸுக்கு வந்த காலத்தில் தன் பிள்ளையை இத்தாலிக்கு அனுப்பி இழந்த தாயின் வீட்டில், லியனார்டோவின் மகளுக்கு இடம் கிடைத்தது!

கல்லில் இருக்கும் அந்த இரண்டு வார்த்தைகளை இப்போது எப்படிப் படிப்பது? "இனி நம்பிக்கை இல்லை" என்று எழுதச் சொன்ன தாயின் துக்கம் நிஜம். அதை நாம் மாற்ற முடியாது. ஆனால் மாளிகையைப் பொறுத்தவரையில், மற்ற உச்சரிப்புதான் பலித்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

போனதை எல்லாம் திரும்ப வாங்க ஒரு பெனாய் வருவார் என்று எல்லா வீடும் காத்திருக்க முடியுமா? கிராமத்து வாசலைத் தேடி எந்தத் தொழிலதிபரும் வர மாட்டார். அது போனால் போனதுதான். அதனால்தான் அந்தச் சட்டம், அந்தப் பதிவு, அந்த ஓரிரண்டு வரி. பெரிய மாளிகைக்குக் காவல்காரர் உண்டு, சீட்டுக் கொடுத்து உள்ளே விடுபவர் உண்டு. கிராமத்து வாசலுக்குக் காவல், உள்ளே குடியிருக்கும் குடும்பத் தலைவி ஒருத்திதான். சம்பளம் இல்லாத காவல்!

1984-ஆம் வருஷத்திலிருந்து, பிரான்ஸில் செப்டம்பர் மாதம் மூன்றாவது வார இறுதியில் பழஞ்சின்னங்களைத் திறந்து வைத்து ஊராருக்குக் காட்டுகிறார்கள். அரசர் மாளிகைகளுக்குக் கூட்டம் அலை மோதும். உங்கள் வீட்டு வாசலைப் பார்க்கவும் நாலு பேர் வருவார்கள். சிப்பியைப் பார்ப்பார்கள், மழுங்கிய முகத்தைப் பார்ப்பார்கள், ஒருவர் படம் பிடிப்பார். "எத்தனை வருஷமாக இருக்கிறது அம்மா?" என்று கேட்பார்கள். நீங்கள் சரியான கணக்குச் சொல்வீர்கள்.

அவர்கள் போன பிறகு, கதவைச் சாத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். தூணில் கல்தச்சன் செதுக்கிய இலை எல்லாம் அப்படி அப்படியே இருக்கும். ஆனால் நடுவில் படிக்கல் மட்டும் குழிந்து போயிருக்கும். நானூற்று ஐம்பது வருஷமாக அந்த வீட்டுப் பெண்டிரும் பிள்ளைகளும் மிதித்து மிதித்து ஏற்படுத்திய பள்ளம் அது. அதைச் செதுக்க எந்தச் சிற்பியாலும் முடியாது. வாசலைப் பெயர்த்துக் கொண்டு போகிறவர்கள், அநேகமாக அந்தப் படியை மட்டும் விட்டு விட்டுத்தான் போவார்கள்.